உத்திரகாவேரிக் கரையோரம்: அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூருக்குச் சிகிச்சைக்காக வருகிறவர்களும் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறவர்களும், கையில் ஒரு நாள் மிஞ்சினால் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். பொற்கோயிலைத் தாண்டி அதே சாலையில் ஊசூர் பக்கம் போனால் வேறு ஓர் உலகம் இருக்கிறது என்று சொன்னால்தான் கேள்விகள் வருகின்றன. நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எந்த இடத்தைச் சொல்கிறீர்கள்?

ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தை. மலையில் பிறக்கும் உத்திரகாவேரி ஆறு மேலரசம்பட்டு, ஒடுகத்தூர், அகரம் வழியாக ஓடிவந்து பள்ளிகொண்டா அருகே பாலாற்றில் கலக்கிறது. இதை அகரம் ஆறு என்றும் சொல்வார்கள். இந்த ஆறும், இருபுறத்து மலைகளும், நடுவே உள்ள வயல்களும் ஏரிகளும்தான் நான் சொல்லும் பள்ளத்தாக்கு. நிர்வாகக் கணக்கில் வேலூர் மாவட்டம், அணைக்கட்டு வட்டம்.

எங்கள் பெரியவர்கள் இன்னும் வடாற்காடு என்றுதான் சொல்கிறார்கள். 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்து தனி மாவட்டமானது. மிச்சப் பகுதிக்கு 1996-இல் வேலூர் மாவட்டம் என்று பெயர் வந்தது. 2019-இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகிவிட்டது. மலைத்தொடர் ஒன்று, மாவட்டங்கள் பல. ஆகவே வழி கேட்கும்போது மாவட்டப் பெயரைச் சொல்லாமல் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

ஏலகிரியைப் போலப் படகுத்துறையோ பூங்காவோ இல்லை. நுழைவுச் சீட்டு கொடுக்கும் ஆள் யாரும் இல்லை. நெல், கரும்பு, வாழை, தென்னை, வேர்க்கடலை, மா, பூந்தோட்டம், கத்திரித் தோட்டம் என்று வேலை நடந்துகொண்டிருக்கும் ஊர்கள் இருக்கின்றன. வாரச் சந்தைகள் இருக்கின்றன. பாலாற்றுக் கரையில் இரண்டு பெரிய கோயில்கள் இருக்கின்றன. எந்தத் திசையில் திரும்பினாலும் மலை தெரியும். படம் எடுத்துப் போடுவதற்கான இடங்களின் பட்டியலை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அவர்களுக்கு ஏலகிரியே நல்லது.

எந்த மாதம் வரலாம்?

ஐப்பசி முதல் தை வரை. வடகிழக்குப் பருவமழை பெய்திருந்தால் ஏரிகள் நிரம்பிக் கோடி போகும், அதாவது மிகுநீர் வழிந்தோடும். அந்த வாரங்களில் ஊரே அந்த நீர் வழியும் கலங்கல் பக்கம் போய் நின்று வேடிக்கை பார்க்கும். நீங்களும் போய் நிற்கலாம். சிறுவர்கள் வலையோடும் கொசுவலையோடும் மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மார்கழிக் காலையில் மலை பாதி வரை பனி மூடியிருக்கும். வயலில் கதிர் முற்றியிருக்கும்.

பயிர்களைப் பார்க்க வேண்டும் என்றால் பட்டங்களை, அதாவது சாகுபடிப் பருவங்களை, தெரிந்துகொள்வது நல்லது. இங்கே நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்கள். கிணற்றில் தண்ணீர் உள்ளவர் மூன்றையும் பார்ப்பார். இல்லாதவர் சம்பாவோடு நிறுத்திவிட்டு வேர்க்கடலைக்கோ கேழ்வரகுக்கோ போய்விடுவார். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் கரும்பு ஆலைக் கொட்டகைகளில் வெல்லம் காய்ச்சுவார்கள். சக்கையையே எரித்து, பெரிய கொப்பரையில் பாகு கொதிக்கும் வாசனை சாலை வரை வரும். மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். சித்திரைக்கு மேல் மாங்காய்.

சித்திரை, வைகாசியில் மட்டும் வராதீர்கள். வேலூர் வெயில் என்பது வானிலைச் செய்தியில் தினமும் பெயர் வரும் வெயில். 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கமான சமாச்சாரம். மாம்பழத்துக்காக வந்துதான் ஆக வேண்டும் என்றால் காலை 10 மணிக்குள் சுற்றிவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள்.

எந்தக் கிழமை நல்லது?

மாதத்தைவிட இந்தக் கேள்விதான் முக்கியம். செவ்வாய் அல்லது வெள்ளி.

செவ்வாய்க்கிழமை பொய்கையில் மாட்டுச் சந்தை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வேலூருக்கு மேற்கே சிறிது தூரத்தில் இருக்கிறது. ஆந்திர எல்லை பக்கமிருந்தும் வண்டிகள் வரும். கறவை மாடுகள்தான் அதிகம். மடியைத் தடவிப் பார்ப்பது, வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பது, சுழி பார்ப்பது என்று ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பரீட்சை நடக்கும். தரகர்கள் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கும் விலை தெரியாது. கைபேசியும் பணப் பரிமாற்றச் செயலியும் வந்த பிறகும் துண்டு போகாததற்குக் காரணம் எளிது: அடுத்த மாட்டின் விலை இந்த விலையைக் கேட்டு ஏறிவிடக் கூடாது. மாட்டுச் சந்தை என்றாலும் கயிறு, மணி, சாட்டை, மூக்கணாங்கயிறு, காய்கறி, நாற்று, கருவாடு எல்லாம் வரும். விடியற்காலையிலேயே போங்கள். உச்சி வெயிலுக்குள் பெரிய பேரங்கள் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை. மலையடிவார ஊர்களிலிருந்து ஆடுகள் இறங்கி வரும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வெள்ளியில் கால் வைக்க இடமிருக்காது. பாலாற்றுக்கு வடகரையில் கே.வி.குப்பத்தில் திங்கட்கிழமையும் ஆட்டுச் சந்தை உண்டு.

விலை பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு நடுவே கேமராவை நீட்டாதீர்கள். பேரம் கலைந்தால் உங்கள்மேல்தான் கோபம் வரும், அது நியாயமான கோபம்.

இலவம்பாடிக் கத்திரிக்காய் என்கிறார்களே, அதில் அப்படி என்ன சிறப்பு?

முள்தான் முதல் அடையாளம். தண்டு, இலை, காம்பு என்று எல்லா இடத்திலும் முள். கத்திரி பறிக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். இலவம்பாடி பொய்கைக்கு அருகே அணைக்கட்டு வட்டத்தில் உள்ள ஊர். அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதே ரகம் விளைகிறது. வேலூர் முள் கத்திரிக்காய் என்ற பெயரில் 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது.

இந்த ரகத்தின் விதையைக் குடும்பங்கள் தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன. நன்றாக முற்றிய காயைச் செடியிலேயே பழுக்கவிட்டு, விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்துச் சேமிப்பது பழைய முறை. முள்ளில்லாத ஒட்டுரகங்கள் பறிக்க எளிது, காய்ப்பும் கூடுதல். அப்படியிருந்தும் முள் ரகத்தைப் பலர் விடவில்லை. காரணம் ருசி. சதைப்பற்று அதிகம், கசப்பு இல்லை, எண்ணெயில் வதங்கும்போது குழைந்தாலும் தோல் உரியாது. ஆம்பூர் பக்கத்துப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் புளிப்புக் கத்திரிக்காயை இந்தக் காயில் செய்து சாப்பிட்டுப் பார்த்தவர்கள், வெங்காயப் பச்சடியைத் தேடமாட்டார்கள்.

சென்னைக் கடைகளில் வேலூர்க் கத்திரி என்று பலகை எழுதி விற்பது பெரும்பாலும் வேறு காய். காம்பைத் தொட்டுப் பாருங்கள். முள் குத்தவில்லை என்றால் வாங்காதீர்கள்.

தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாமா?

கேட்டுவிட்டுப் போகலாம். வரப்பில் நின்று, "ஐயா, தோட்டத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்பவர் அரிது. பம்பு செட்டுக் கொட்டகையில் உட்காரச் சொல்வார்கள், இளநீர் வெட்டித் தருவார்கள், உங்கள் ஊர், உறவு, சம்பளம் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். வெட்டித் தந்த இளநீருக்குப் பணம் நீட்டினால் சங்கடப்படுவார்கள். அதற்குப் பதில் அவரிடமே இரண்டு கிலோ கத்திரிக்காயோ ஒரு தார் வாழையோ விலைக்கு வாங்குங்கள். மண்டி விலை சொன்னால் பேரம் பேசாதீர்கள். உங்கள் ஊர்க் கடையில் அதைவிட அதிகம் கொடுத்துதான் வாங்குகிறீர்கள்.

கிணறுகளைக் கவனமாகப் பாருங்கள். இவை பெரிய திறந்தவெளிக் கிணறுகள், பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஒரு காலத்தில் இந்த மேடுகளில் மாடுகள் பின்னுக்கும் முன்னுக்கும் நடந்து, கவலை என்னும் ஏற்றத்தால் நீர் இறைத்தன. அந்தச் சரிவுகள் சில கிணறுகளில் இன்னும் அழியாமல் இருக்கின்றன. நகரத்துப் பிள்ளைகள் நீச்சல் தெரியாமல் குதித்துவிடும் அபாயம் உண்டு, ஆகவே பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் எங்கே தொடங்கலாம்?

விரிஞ்சிபுரத்தில். வேலூரிலிருந்து மேற்கே பாலாற்றின் தென்கரையில் உள்ள மார்க்கபந்தீசுவரர் கோயில். வழித்துணைநாதர் என்பது தமிழ்ப் பெயர். மிளகு மூட்டையோடு காஞ்சிபுரத்துக்குப் போன வணிகர் ஒருவர் கள்ளர் பயத்தால் துணை கேட்டு வேண்ட, இறைவனே குதிரைவீரனாகக் கூட வந்தார் என்பது தலக்கதை. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே வணிகப் பாதை ஓடிய ஊரில் இப்படி ஒரு கதை பிறந்ததில் வியப்பில்லை. இன்றும் அதே திசையில்தான் நெடுஞ்சாலை போகிறது.

"விரிஞ்சிபுரம் மதிலழகு" என்ற சொலவடை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனதும் மதிலை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். தெற்குப் பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் செதுக்கிய கல். பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. சிம்ம தீர்த்தம் என்ற குளத்தின் வாயில் சிங்க வடிவில் இருக்கும். கார்த்திகைக் கடைசி ஞாயிறை ஒட்டிப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் இங்கே நள்ளிரவில் நீராடுவார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாளைத் தவிர்க்கவும்.

எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்தது ஒரு கல்வெட்டு. விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தது, 1425-ஐ ஒட்டியது. அன்று இந்தப் பகுதி அடங்கியிருந்த படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், தமிழர், கன்னடர், தெலுங்கர், இலாடர் (குஜராத் பக்கத்தவர்) என எல்லாப் பிரிவினரும் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்: இனித் திருமணம் கன்னிகாதானமாகவே, அதாவது விலை வாங்காமல் பெண்ணைக் கொடுப்பதாகவே நடக்கும், பெண்ணைக் கொடுக்கப் பொன் வாங்கும் தகப்பனுக்கும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவனுக்கும் அரச தண்டனை உண்டு, சாதியிலிருந்து விலக்கப்படுவார்கள். பெண்ணுக்கு விலை கொடுக்கும் வழக்கம் எவ்வளவு பரவியிருந்தால் கல்லில் வெட்டித் தடுக்க வேண்டியிருந்திருக்கும்! அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் பொன் எதிர்த்திசையில் போகத் தொடங்கிய கதை நமக்குத் தெரியும். பதினாறாம் நூற்றாண்டில் ஆரணி அருகே அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதரும் இந்த இறைவன்மேல் துதி பாடியிருக்கிறார். வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர்தான் அவருடைய புரவலர்.

அடுத்தது பள்ளிகொண்டா. உத்திர ரங்கநாதர் பாலாற்றங்கரையில் பள்ளிகொண்டிருக்கிறார். பிரம்மாவின் வேள்வியைத் தடுக்கச் சரசுவதி ஆறாகப் பெருகி வந்தாள், திருமால் குறுக்கே படுத்துத் தடுத்தார் என்பது கதை.

வேலூர்க் கோட்டையையும் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல ஒன்றுமில்லை. காட்பாடிக்கு வடக்கே மேல்பாடியில் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எழுப்பிய பள்ளிப்படை என்னும் நினைவுக் கோயிலும், வள்ளிமலைச் சமணக் குகைகளும் வேறு திசை. அவற்றுக்குத் தனி நாள் வேண்டும்.

பாலாற்றில் தண்ணீர் இருக்குமா?

அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, நீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. இன்னும் இரண்டு வரி இருக்கிறது, அச்சில் ஏற்றும் தரமில்லை. சாமி 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். நீர் விஷயத்தில் கிண்டல் பெரும்பாலும் இன்றும் உண்மைதான்.

கர்நாடகத்தின் நந்திமலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றில், 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. மேலே கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அணைகளும் தடுப்பணைகளும் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. கீழே நாம் மணலை அள்ளினோம். மணலுக்குள் ஊறும் நீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோன ஊற்றுக்கால்கள் பல இடங்களில் தூர்ந்துபோயின. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு மீதியைக் கெடுத்தது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்காக இந்தியச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அந்தப் பாடத்தால் எங்கள் கிணறுகள் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

ஆனாலும் ஆறு செத்துவிட்டது என்று நினைத்து அதில் காரை இறக்காதீர்கள். 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு ஓடிய வெள்ளத்தில் தரைப்பாலங்கள் போயின. உத்திரகாவேரியும் மலையில் மழை பெய்தால் சொல்லாமல் வரும். மேலே மேகம் கறுத்திருந்தால், கீழே வெயில் அடித்தாலும் ஆற்றுமணலை விட்டு ஏறிவிடுங்கள். இந்த நீரைத் தேக்க மேலரசம்பட்டில் அணை கட்ட வேண்டும் என்பது விவசாயிகளின் பல ஆண்டுக் கோரிக்கை. தேர்தல் வரும்போதெல்லாம் அதுவும் வரும்.

மலைமேல் ஏறலாமா?

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகள் மலையின் மேல் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல, இந்த மலைவாழ் மக்களின் பெயர் அது). சாமை, கேழ்வரகு, புளி, பலா, சீத்தா, கடுக்காய், தேன் ஆகியவைதான் வாழ்வாதாரம். அழகான இடங்கள்தான். ஆனால் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 மே மாதம் அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்த கைக்குழந்தையை, சாலை சரியில்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. குழந்தை இறந்தது. உடலையும் தாய் கையில் சுமந்து நடந்துதான் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பாதையைச் சாகசப் பாதை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

காப்புக்காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம் வேண்டும். ஊருக்குள் உறவோ நட்போ இருந்து அழைத்தால் போங்கள், சாமை அரிசியும் தேனும் அவர்களிடமே வாங்குங்கள். காடு பார்த்தால் போதும் என்றால் வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி தாண்டி அமிர்தி இருக்கிறது. சிறிய உயிரியல் பூங்காவும், மழைக்காலத்தில் அருவியும் உண்டு. போகும் வழியில் நாகநதிப் படுகையில், நூறு நாள் வேலையில் வந்த பெண்கள் கட்டிய நீர் செறிவூட்டும் கிணறுகளையும் கல் தடுப்புகளையும் கேட்டுப் பாருங்கள். வறண்ட ஆற்றுப்படுகையில் நிலத்தடி நீரை மீட்ட வேலை அது.

காவலூர் வானாய்வகத்தையும் சேர்த்துப் பார்க்கலாமா?

ஒரே நாளில் சேர்க்காதீர்கள். அது மலைக்கு மறுபக்கம், திருப்பத்தூர் மாவட்டத்தில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போக வேண்டும். யுரேனஸ் கோளின் வளையங்கள் 1977-இல் கண்டறியப்பட்டபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. பார்வையாளருக்குரிய நாள் சனிக்கிழமை. கிளம்புவதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். மேகம் இருந்தால் வானம் தெரியாது.

சாப்பாடு?

ஒடுகத்தூரிலும் அணைக்கட்டிலும் சிறு ஓட்டல்கள் உண்டு. காலையில் இட்லி, தோசை, வேர்க்கடலைச் சட்னி. மதியம் சாப்பாடு. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கருவாட்டுக் குழம்பும் வீடுகளில்தான் நன்றாக இருக்கும். யாராவது வீட்டுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். களியை மென்று தின்னக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். முதல் உருண்டையிலேயே உங்கள் ஊர் எது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பஸ் வசதி எப்படி?

ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கி வேலூர் பஸ் நிலையத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து ஊசூர், அணைக்கட்டு வழியாகவும், நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா வழியாகவும் ஒடுகத்தூருக்கு பஸ் கிடைக்கும். போகும்போது ஒரு வழி, திரும்பும்போது மறுவழி என்று வைத்துக்கொண்டால் முழுச் சுற்று ஆகிவிடும். மாலையில் கடைசி பஸ் எப்போது என்று நடத்துநரிடம் இறங்கும்போதே கேளுங்கள். உள்ளூர்க் கிராமங்களுக்கு ஆட்டோதான். வாடகையை ஏறுவதற்கு முன் பேசிவிடுங்கள்.

தங்க இடம்?

வேலூரிலேயே தங்குங்கள். எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன.

ஒரே நாள்தான் இருக்கிறது. எதை விடலாம், எதை விடக் கூடாது?

செவ்வாய் என்றால் விடியலில் பொய்கைச் சந்தை, வெயில் ஏறுவதற்குள் விரிஞ்சிபுரம், பிறகு இலவம்பாடிப் பக்கம் ஒரு கத்திரித் தோட்டம். பிற்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும், அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெள்ளி என்றால் ஒடுகத்தூர்ச் சந்தையில் தொடங்கி, ஆற்றோரமாகவே அகரம் வழியாக இறங்கி, மாலை நடை திறக்கும் நேரத்துக்குப் பள்ளிகொண்டா. நேரம் போதவில்லை என்றால் பொற்கோயிலை விடுங்கள், அது எல்லா நாளும் திறந்திருக்கிறது. கத்திரிக்காய் வாங்கினால் துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். முள் பிளாஸ்டிக் பையைக் கிழித்துவிடும்.